எட்டுக்கு முன்னால் ஒன்பது

இந்தப் பரத கண்டத்தில் சினிமா பார்க்கத் தெரிந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். மற்ற இருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

பெருமைக்காகச் சொல்லவில்லை. நாற்பது கோடி ஜனங்களில் மூன்று பேர் என்பதில் என்ன பெருமை இருக்கிறது? மீதிப் பேர் டிக்கெட் வாங்குகிறார்கள், உட்காருகிறார்கள், அழுகிறார்கள், மூக்கைச் சிந்துகிறார்கள், வீட்டுக்குப் போகிறார்கள். இதற்குச் சினிமா பார்ப்பது என்று பெயரானால், வெங்காயம் உரிப்பவர்களும் சினிமாதான் பார்க்கிறார்கள்.

வெள்ளைத் துணியில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறவனுக்கு, நாளைக்கே சுயராஜ்யம் வந்தாலும் ஓட்டுரிமை கொடுக்கக் கூடாது. இது என் முடிந்த முடிவு.

இந்த முடிவுக்கு நான் சுலபமாக வந்துவிடவில்லை. சென்ற மூன்று மாதத்தில் மட்டும் ஏழு படம் பார்த்திருக்கிறேன். ஒன்றில் நாரதர் மேகத்தில் இருந்து இறங்கினார். அவர் இடுப்பில் கட்டியிருந்த கயிறு நன்றாகத் தெரிந்தது. அந்தப் படத்தில் உறுதியாக இருந்தது கயிறு ஒன்றுதான். இன்னொன்றில் கதாநாயகன் காதலியைக் கண்டதும் பாடினான், பிரிந்ததும் பாடினான். அவனை ஜெயிலில் போட்டார்கள். அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன். ஜெயிலில் எதிரொலி நன்றாக இருக்கிறதென்று அங்கே நான்கு பாட்டுப் பாடினான்.

யுத்தத்தை முன்னிட்டு, பதினோராயிரம் அடிக்கு மேல் படம் எடுக்கக் கூடாதென்று சர்க்கார் உத்தரவு போட்டிருக்கிறது. இந்த யுத்தத்தினால் நமக்கு விளைந்த நன்மை இது ஒன்றே. அதையும் நம் முதலாளிகள் கெடுத்துவிட்டார்கள். பாட்டைக் குறைக்கவில்லை, கதையைக் குறைத்துவிட்டார்கள்.

போகட்டும். போன வாரம் வரை எங்கள் வீட்டில் நடந்ததைப் படிக்கத் தவறியவர்கள் இருக்கலாம். அவர்களுக்கு வேறு உருப்படியான வேலை இருந்திருக்கும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆனந்தன். பூந்தமல்லியிலிருந்து, பெட்ரோல் பஞ்சத்தால் கரியை எரித்து ஓட்டுகிற கரி பஸ்ஸில் தினமும் பட்டணத்துக்குப் போய் பி.ஏ. படிக்கிறேன். வெள்ளைச் சட்டையோடு ஏறி, கறுப்புச் சட்டையோடு இறங்குகிறேன். என் நைனா உலகநாதன், மல்லித் தோட்டக்காரர். அவருக்கு இரண்டு கொள்கைகள். மகன் தாசில்தார் ஆக வேண்டும். டென்ட் சினிமாவுக்குப் போகிறவன் உருப்பட மாட்டான். "டென்ட்டுப் பக்கம் தல வச்சிப் படுத்தே, காலேஜ் கட்டு. மறுநாளே மண்வெட்டி எட்த்துக்க" என்று மாதம் ஒரு முறை எச்சரிப்பார்.

என் அக்கா தாட்சாயிணிக்கு இருபத்திரண்டு வயது. இரண்டு வரன்கள் வந்து தட்டிப் போயின. மூன்றாவது வரன் மண்ணூர்பேட்டை வரதன். ஆவடி மிலிடேரி டிப்போவில் குமாஸ்தா. "கல்யாணத்துக்கு அப்பால பொண்ணு டீச்சர் டிரெய்னிங் போவட்டும், எங்களுக்கு சம்மதம்" என்று சொல்லியனுப்பிய ஒரே வரன் இதுதான். முன்னால் வந்த இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுத்ததும் தட்டை எடுக்காமல் போனவர்கள். ஆகவே அக்கா இந்த வரனை விடப்போவதில்லை என்று வாயால் சொல்லாமல், இரண்டு வாரமாகக் குழம்பில் உப்பைச் சரியாகப் போட்டு வந்தாள்.

போன ஞாயிறு அவர்கள் வீட்டுப் பெண்கள் மட்டும் வந்து அக்காவைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை முதல் தடவை வருவது அவர்கள் வழக்கமில்லை. சர்க்கரை ரேஷன் என்பதால் வெல்லத்தில் கிண்டிய கேசரியைத் தின்றார்கள். பெண்ணைப் பாடச் சொல்லவில்லை. "எங்க அண்ணாத்தே சொல்லி அனுப்பிச்சாரு, பொண்ணு நாலு வரி எழுதிக் குடுத்தா போதும்" என்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த அண்ணாத்தே மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். பெயர் கங்காதரன். பட்டணத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் போர்மேன்.

இந்த ஞாயிறு தாய்மாமனும் மாப்பிள்ளையும் தாம்பூலம் மாற்றிக்கொள்ள வருவதாக ஏற்பாடு.

இன்னும் ஒரு விஷயம் பாக்கி. ஒரு வாரப் பத்திரிகையில் 'தரை டிக்கெட்' என்ற பெயரில் சினிமா அபிப்பிராயம் எழுதுகிறவன் நான்தான். பத்திரிகையின் பெயரைப் போட்டால் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் அடித்துவிடுவார். என் கையெழுத்தை நானே மறுநாள் படிக்க முடியாது. ஆகையால் அக்காதான் நகல் எடுத்துக் கொடுப்பாள். அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும். நைனாவுக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது.

ஞாயிறு காலை. அக்கா கொல்லையில் உட்கார்ந்து தன் தலைக்குத் தானே பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"டேய், நாரதரு கயித்த ரெண்டு தபா எழுதியிருந்தே. ஒண்ண அடிச்சிட்டேன்" என்றாள்.

"ஆசிரியர் நானா, நீயா?"

"கை நோவுறது எனக்கு. நான்தான்."

"மாப்பிள்ளை வந்தா இப்படித்தான் பேசப் போறியா?"

"அவருதான் உன்ன மாதிரி இருக்க மாட்டாரே" என்றாள் அக்கா.

பத்தரை மணிக்கு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. கங்காதரன் பஸ்ஸில் வந்து கரி பூசி இருந்தார். மாப்பிள்ளை ஆவடியில் இருந்தே சைக்கிளில் வந்திருந்தார். நான் மரியாதையாக முன்னால் போய், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன்.

அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஒரே இரவில் பத்து முறை பார்த்திருக்கிறேன்.

பூந்தமல்லி டென்ட்டில் மெஷின் ஒன்றுதான். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டுவார்கள். ரீலுக்கு ஒரு தடவை சுற்றி இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அன்றிரவு பார்த்த படத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான், படத்தை விட்டுவிட்டு, பார்த்தவர்களில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதியிருந்தேன். அது போன வாரம் அச்சில் வந்தது. வாசகர்கள் மிகவும் ரசித்ததாகக் கேள்வி.

"வாங்க சம்மந்தி, குந்துங்க" என்றார் நைனா.

"சம்மந்தின்னு இப்பவே சொல்லாதீங்க அண்ணாத்தே" என்றார் கங்காதரன். உட்காரவில்லை. தாம்பூலத் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தார். என்னைப் பார்த்தார். "நீதான் காலேஜ் படிக்கிற புள்ளையா? கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன். இத்த கொஞ்சம் படி தம்பி. எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

நான் என் கட்டுரையை வாங்கிக்கொண்டேன்.

எழுத்தாளர்கள் தங்கள் எழுத்தைச் சபையில் வாசிக்க ஆசைப்படுவார்கள் என்கிறார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு யோசனை சொல்வேன். யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது வாசிக்காதீர்கள்.

"'ஏரியில் மூழ்கிய பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தாய் மூன்று ராகத்தில் பாடுகிறாள்'" என்று வாசித்தேன். "'பிணத்தின் கால் கட்டைவிரல் தாளம் தவறாமல் அசைகிறது. இவ்வளவு சங்கீத ஞானமுள்ள பிணத்தை நான் கண்டதில்லை.'"

யாரும் சிரிக்கவில்லை. காலேஜில் இந்த வரிக்குப் பெஞ்சைத் தட்டினார்கள்.

"மேல படி."

"'அடுத்த ரீலில் செத்த பிள்ளை வாசல் வழியாக ஓடி வந்து அம்மாவிடம் சோறு கேட்கிறான். பரமசிவன் வரவில்லை, வரம் கொடுக்கவில்லை. பசி எடுத்தது, எழுந்து வந்துவிட்டான். டைரக்டரை எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பேன்...'"

"நிறுத்தாதே தம்பி. அதுக்குக் கீழ."

"'டென்ட்டே சிரிக்கிறது. மூன்றாவது கம்பத்தருகே பச்சைக் கரைத் துண்டு போட்ட ஒருவர் மட்டும் விம்மி விம்மி அழுகிறார். துண்டை ஈரத்தோடு தோளில் போட்டுக்கொண்டு போனார். பூந்தமல்லி வாசிகளுக்கு ஒரு வேண்டுகோள். தண்ணீர்க் கஷ்டம் வந்தால் அவரைப் பிடித்துப் பிழியுங்கள்.'"

முற்றத்தில் கோழி ஒன்று எதையோ கிளறிக்கொண்டிருந்தது. வரதன் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று அவர் துண்டே போட்டுக்கொண்டு வரவில்லை.

"டிப்போல இவனுக்கு இப்ப இன்னா பேரு தெரியுமா?" என்றார் கங்காதரன். "ஈரத்துண்டு. ஆபீசரு கூட அப்டித்தான் கூப்புடுறான்."

"உடுங்க மாமா" என்றார் வரதன்.

"இன்னாத்துக்கு உடணும்?" கங்காதரன் மறுபடியும் பையில் கைவிட்டு இரண்டு காகிதங்களை எடுத்து, தட்டின் இரு பக்கமும் வைத்தார். "இந்தப் பத்திரிகை எங்க பிரெஸ்லதான் அச்சாவுது. எழுதிக் குடுத்த காயிதம் என் கைக்குத்தான் வரும். இது அந்தக் காயிதம். இது போன வாரம் உங்க பொண்ணு எழுதிக் குடுத்தது. முப்பது வருசமா கையெழுத்த மட்டுமே பாத்துகினு கீறேன் அண்ணாத்தே. நீங்களே பாருங்க."

நைனா பார்த்தார். நைனாவுக்குக் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் எழுத்துத் தெரியும். ஆனால் இரண்டு காகிதத்திலும் முத்துகள் ஒன்றாக இருப்பதைப் பார்க்க அது போதும்.

"தாட்சாயிணி" என்று கூப்பிட்டார்.

அக்கா வந்து கதவருகே நின்றாள்.

"இது ரெண்டும் உன் எழுத்தாம்மா?" என்று கங்காதரன் கேட்டார்.

"ஆமாங்க."

"ரெண்டும்?"

"ரெண்டுந்தாங்க."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஒரு தடவை திரும்பியிருந்தால்கூட எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

இப்படிப்பட்ட கட்டத்தில் படத்தில் தம்பி என்ன செய்வான் என்று உங்களுக்குத் தெரியும். முன்னால் வந்து மார்பில் அடித்துக்கொண்டு, 'நான்தான் குற்றவாளி' என்பான். பிறகு பாடுவான். நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் ஓர் ஓடு விலகியிருந்தது. காலேஜும் மண்வெட்டியும் என் தலைக்குள் மாறி மாறி வந்தன. கட்டுரையில் நான் பரிகாசம் செய்த கதாநாயகர்கள் யாரும் என்னைவிட மோசமாக நடந்துகொண்டதில்லை.

"கட்டிக்கப் போறவன ஊரு சிரிக்க வச்ச பொண்ணு எங்களுக்குத் தேவயில்ல" என்றார் கங்காதரன். காகிதங்களை மடிக்க ஆரம்பித்தார்.

அப்போது வரதன் தலையை நிமிர்த்தினார். அக்காவைப் பார்த்து, சண்டைக்கு வராத குரலில் சொன்னார்.

"எழுதினத பத்தி எனக்குக் கோவம் இல்லீங்க. ஒரே ஒரு சங்கதிதான். படத்த தப்பா சொல்லிட்டீங்க. அன்னிக்கி ரீலு மாறிப் போச்சு. எட்டுக்கு முன்னால ஒம்போதப் போட்டுட்டாங்க. கதையில அந்தப் பையன் சோறு கேக்குறது மொதல்ல. சாப்ட்டுட்டு ஏரிக்குப் போறான், அப்பாலதான் சாவுறான். அத்த கவனிக்கலியே நீங்க."

"மாறவில்லை" என்றேன் நான்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ரீல் மாறவே இல்லை. அது டைரக்டரின் மடத்தனம். முதல் ரீலிலிருந்து கடைசி ரீல் வரை கண்ணைக் கொட்டாமல் உட்கார்ந்து, குறிப்பு எடுத்து..."

இங்கே நிறுத்தினேன். நிறுத்த வேண்டிய இடம் இரண்டு வாக்கியத்துக்கு முன்னாலேயே போய்விட்டது.

தம்பி அக்காவைக் காப்பாற்றினான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அக்காவின் வாழ்வுக்காகத் திறக்காத வாய், அபிப்பிராயத்துக்காகத் திறந்தது. அவ்வளவுதான்.

"எங்க குந்தி குறிப்பு எடுத்தே?" என்று நைனா மெதுவாகக் கேட்டார். நைனா மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"டென்ட்டுல."

"எத்தினி தபா?"

"இருபத்தோரு படம்" என்றாள் அக்கா, எனக்குப் பதிலாக. கணக்கு அவளிடம்தான் இருந்தது.

நைனா எழுந்து கொல்லைப் பக்கம் போனார். மண்வெட்டியோடுதான் திரும்பி வருவார் என்று நினைத்தேன். வெறுங்கையோடு வந்து மறுபடியும் உட்கார்ந்தார்.

"ரீலு மாறிச்சு தம்பி" என்றார் வரதன் பொறுமையாக. "குத்தம்பாக்கத்து டென்ட்டுக்கும் இந்த டென்ட்டுக்கும் ஒரே படப்பொட்டிதான். அங்க ஓடி முடிஞ்சத துலுக்கானம் சைக்கிள்ல வச்சி இங்க எட்த்தாருவான். அன்னிக்கி ஏழையும் ஒம்போதையும் தூக்கினு வந்துட்டான். எட்டு அங்கியே நின்னு போச்சு. கூட்டம் கத்துதேன்னு ஆபரேட்டரு ஒம்போத மாட்டிட்டாரு. நான் அப்பால மூணு தபா போயி பாத்தேன்."

இருபத்தோரு படம் பார்த்த மேதைக்கு எட்டுக்குப் பிறகு ஒன்பது வரும் என்பது தெரியவில்லை. சாயங்காலம் ஆவடியிலிருந்து சைக்கிள் மிதித்து வருகிற குமாஸ்தாவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

"நாலு தபா பாக்குற அளவுக்கு அதுல இன்னாடா கீது?" என்றார் கங்காதரன். அவருக்கும் இது புதுச் செய்தி போலிருந்தது.

வரதன் மறுபடியும் தன் கால்களைப் பார்த்தார்.

"நீங்க ஏன் அழுதீங்க?" என்று அக்கா கேட்டாள்.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் மாப்பிள்ளையைக் கேள்வி கேட்பது எந்த வழக்கத்திலும் கிடையாது. நைனா கையை உயர்த்தினார். உயர்த்திய கை அப்படியே நின்றது, ஏனென்றால் வரதன் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"என் தம்பி தசரதன் ரங்கூன்ல இருந்தாங்க. குண்டு போட்டப்ப எல்லாரோடயும் நடந்து வந்துக்கினு இருந்தான். வழியில போயிட்டான்னு கூட வந்தவரு ஊட்டுக்கு வந்து சொன்னாரு. பதினாறாம் நாள் காரியம் முடிச்சோம். மறுவாரம் அவன் போட்ட கடுதாசி வந்துது."

"எப்பவோ போட்டது" என்றார் கங்காதரன் மெல்ல. "யுத்தத்துல தபாலு எங்கெங்கியோ சுத்திட்டு வந்துச்சு."

"ஒண்ணு இல்லீங்க. ஆறு வாரம் ஒண்ணொண்ணா வந்துகினே இருந்துது. சாப்பாட்டுக்குக் கஷ்டம் இல்ல, தீவாளிக்கு வரேன், அம்மாவ கருவாட்டுக் கொழம்பு வைக்கச் சொல்லுன்னு." வரதன் துண்டில்லாத தோளைத் தடவிக்கொண்டார். "அன்னிக்கி அந்தப் பையன் செத்தப்புறம் வந்து சோறு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு முடியல."

"அப்பால மூணு தபா?" என்றாள் அக்கா.

"மறுபடியும் மாத்திப் போடுவாங்களான்னு பாத்தேங்க. சரியாவே போட்டாங்க."

கங்காதரன் அப்போதுதான் உட்கார்ந்தார்.

காகிதங்களைப் பையில் வைத்துவிட்டு அவரே பேசினார். எழுதியது பெண்ணில்லை என்றாலும், நகல் எடுத்தவளுக்கும் அதில் பங்கு உண்டு. யோசித்துத்தான் சொல்ல முடியும் என்றார். அதற்கு அக்கா, தானும் யோசிக்க வேண்டும் என்றாள். நைனா அவளை முறைத்தார்.

"இருபத்தோரு படத்தப் பத்தி எழுதிக்கீறேன்" என்றாள் அக்கா. "ஒண்ணு கூட பாத்ததில்ல. எத்த பாத்து இவரு அழுதாரு, எத்த பாத்து இவன் சிரிச்சான்னு நான் பாக்கணும். பாத்துட்டு சொல்றேன்."

"டென்ட்டுக்கா?" என்றார் நைனா.

"நீங்களும் வாங்க. கண்ண மூடிகினு குந்துங்க."

பூந்தமல்லி சரித்திரத்தில் ஒரு கல்யாணப் பேச்சு டென்ட்டுக்கு மாற்றப்பட்டது அன்றுதான் முதல் தடவையாக இருக்கும். மாலை முதல் ஆட்டத்துக்கு நாங்கள் ஐந்து பேரும் போனோம். அம்மா அன்னம்மாள் மட்டும் வரவில்லை. "ஊட்ட யார் பாத்துக்குவாங்க, உங்க நாரதரா?" என்றாள். என் கட்டுரைகளை அம்மாவும் படித்து வந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

டென்ட்டில் இடுப்பளவு மண்சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள். அக்கா அங்கே போய் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் நைனா, நான், ஒரு கம்பம், வரதன், கங்காதரன். நைனா முதல் ரீல் முழுவதும் உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இரண்டாவது ரீலில் ஒரு கண். மூன்றாவதில், "தள்ளி குந்துடா, மறைக்குது" என்றார்.

படம் அன்றைக்குப் போலவே சகிக்க முடியாததாக இருந்தது. அதில் மாற்றமில்லை. தகப்பனாக வருகிறவர் ஒவ்வொரு வார்த்தையையும் டிக்கெட் வாங்காதவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். குளத்தங்கரையில் மான் ஒன்று வந்தது. ஏன் வந்தது என்று மானுக்கும் தெரியவில்லை.

ஐந்தாவது ரீல் முடிந்ததும் நான் வெளியே போனேன். துலுக்கானம் அப்போதுதான் குத்தம்பாக்கத்திலிருந்து வந்து சேர்ந்து, சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நாற்பது வயது மனிதர். கேரியரில் மூன்று தகர டப்பாக்கள்.

"ஏழு, எட்டு, ஒம்போதா?" என்றேன்.

"ஆமா. இன்னிக்கி கரீட்டா எண்ணி எட்த்தாந்துட்டேன். ஒரு தபா மறந்துட்டு ஆபரேட்டரு வாயில நல்லா வாங்கிக் கட்டிகினேன்."

"எட்ட மட்டும் கொஞ்ச நேரம் வச்சிருங்க. பின்னால வருதுன்னு சொல்லுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாத்துக்கு?"

காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. ரங்கூன் என்று மட்டும் சொன்னேன், தம்பி என்று சொன்னேன், கருவாட்டுக் குழம்பு என்றபோது அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். எட்டாம் நம்பர் டப்பாவை எடுத்துத் தன் துண்டில் சுற்றி, ஒன்பது ஓடும்போது உள்ளே கொடுக்கும்படி வாசல் டிக்கெட்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, மற்ற இரண்டையும் தூக்கிக்கொண்டு மெஷின் பக்கம் போனார். உள்ளே ஆபரேட்டர் போட்ட சத்தம் வெளியில் எனக்குக் கேட்டது. துலுக்கானத்தின் வம்சத்தில் ஒருவரையும் அவர் விட்டுவைக்கவில்லை.

நான் உள்ளே போய் நைனாவின் அருகே உட்கார்ந்தேன்.

ஏழு ஓடியது. பிறகு ஒன்பது. பிள்ளை செத்தான், தாய் பாடினாள். விளக்கு எரிந்தபோது என் கண் உலர்ந்துதான் இருந்தது. இதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். நைனா முன்னால் இருந்தவரின் முதுகையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

விளக்கு அணைந்தது. எட்டாவது ரீல்.

வாசலைத் தள்ளிக்கொண்டு அந்தப் பையன் ஓடி வந்தான். "அம்மா, பசிக்குது" என்றான்.

டென்ட் சிரித்தது. யாரோ விசில் அடித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், "மேல சோறு போடலியாம்டா" என்றார். நைனா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"டேய். பொழச்சுகினானா?"

ஆயுளில் முதல் படம் பார்க்கிற மனிதர். இந்த இடத்தில் ஒரு படித்த மகன் ரீல், டப்பா, சைக்கிள் எல்லாவற்றையும் விளக்க வேண்டும்.

"ஆமா நைனா" என்றேன்.

"ஆண்டவன் கீறான்" என்றார் நைனா. கையை எடுக்கவில்லை.

திரையில் அந்தத் தாய் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். மோசமான நடிப்பு. பிசையும்போதே எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாமல் காமிராவைப் பார்த்தாள். பையன் வாயைத் திறந்தான். நான் கம்பத்தைத் தாண்டிப் பார்த்தேன். வரதன் அழவில்லை. வெகுநாள் எதிர்பார்த்தவர் வாசலுக்கு வந்துவிட்டதைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. மண்சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா படத்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்தது சம்மதமா, பயமா என்று இருட்டில் எனக்குத் தெரியவில்லை. நன்றாகத் தெரிந்திருக்கும், என் கண் சரியாக இருந்திருந்தால்.

ரீல் முடிய இன்னும் ஒரு நிமிஷம்தான் இருக்கும். முடிந்தால் விளக்கைப் போட்டுவிடுவார்கள். நைனாவின் கையை மெல்ல விலக்கிவிட்டு, குனிந்தபடியே நடந்து, படுதாவைத் தூக்கி வெளியே வந்தேன்.

வேலியோரத்தில் ஏற்கனவே ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். கங்காதரன்.

அவருக்கு இரண்டடி தள்ளி நானும் வேலியைப் பார்த்து நின்றேன். சவுக்குக் கட்டை வேலி. பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

"இன்னா எழுதப் போற?" என்றார், திரும்பாமல்.

"தெரியல."

"உங்கக்கா இன்னா சொல்லும்?"

"அதுவும் தெரியல."

உள்ளே விளக்கு எரிந்தது. வெளிச்சம் படுதாவின் கீழ் வழியாக எங்கள் கால் வரை வந்தது.

"நீ உள்ள போ" என்றார் கங்காதரன்.

"நீங்க போங்க."

துலுக்கானம் கடைசி டப்பாக்களை இறக்கிக்கொண்டே எங்களைப் பார்த்தார். "பத்தாவது போடப் போறாங்க. ரெண்டு பேரும் போவலியா?"

"போறோம்" என்றார் கங்காதரன்.

"போறோம்" என்றேன் நானும்.

அடுத்த ரீலுக்கு விளக்கு அணையும் வரை இரண்டு பேரும் அந்த வேலியைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.